அந்த எட்டுச் சுற்றை நீங்களே வாசியுங்கள்: டிஜே நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டிஜே தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

கல்யாண ரிசப்ஷன், கல்லூரி ஆண்டுவிழா, நட்சத்திர ஓட்டல், ஈசிஆர் பார்ட்டி என்று வாரத்தில் பாதி நாள் கன்சோல் முன்னால் நிற்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக நானும் அதே இடத்தில் நிற்கிறேன். உங்களில் சிலருக்கு மிக்சரில் எந்த வயர் எங்கே போகவேண்டும் என்று காட்டிக்கொடுத்தவனும் நான்தான். அந்த உரிமையில் கேட்கிறேன். மேடையில் நீங்கள் கடைசியாக எப்போது ஓர் அடி அடித்தீர்கள்? பாட்டு மாற்றியதையோ எஃபெக்ட் போட்டதையோ கேட்கவில்லை. உங்கள் விரல் பட்டு, அந்த நொடியில் பிறந்து, எதிரே ஆடுகிறவர்களின் காலுக்குப் போய்ச் சேர்ந்த ஓர் அடியைக் கேட்கிறேன்.

இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் உறவினர் வீட்டு ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். மேடையில் திறமையான பையன். நல்ல ஸ்பீக்கர், நல்ல லைட். பழக்கதோஷத்தில் நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபில்ட்டர் குமிழை இடப்பக்கம் கடைசிவரை திருப்பினார். சத்தம் அப்படியே இருந்தது. ஃபேடரை இறக்கினார். அப்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே கலந்து வைத்த ஒரு மணி நேரக் கோப்பு பென்டிரைவிலிருந்து ஓடுகிறது, கை மட்டும் நடிக்கிறது. கூட்டம் நன்றாகவே ஆடியது, அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவது பாட்டில் ஒரு பெரியம்மா கூச்சத்தை விட்டு நடுவே இறங்கி ஆட ஆரம்பித்தபோது, அவருக்காக இன்னும் எட்டுச் சுற்று நீட்ட அந்தப் பையனால் முடியவில்லை. கோப்பு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது. அந்த அம்மா அப்படியே நின்றார். புடவையைச் சரிசெய்துகொண்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அப்படிச் செய்திருக்கிறேன், பல வருடம். ஒரே இரவில் இரண்டு நிகழ்ச்சி, சவுண்டு செக்குக்கு நேரமில்லை, பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும், நடுவில் மாலை மாற்றும் வீடியோ, கேக், பேச்சு. இவ்வளவு நெருக்கடியில் தப்பே நடக்காத ஒரு கோப்பு இருந்தால் மனசு அதைத்தான் தேடும். ஆனால் தப்பு நடக்க வழியே இல்லாத இடத்தில் நாம் எதற்கு நிற்கிறோம் என்று அந்தப் பெரியம்மா நாற்காலிக்குத் திரும்பிய இரவிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் செய்கிற தொழில் எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1970-களின் கடைசியில், தெருமுனைப் பார்ட்டிகளில், கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் இரண்டு டர்ன்டேபிள்களோடு ஒரு சின்ன பீட் பெட்டியையும் வைத்துக்கொண்டு விரலால் அடித்தார். சிகாகோவில் ஃபிராங்கி நக்கிள்ஸ் பழைய டிஸ்கோ ரெக்கார்டுகளை ஓட்டியபோது, அவற்றின் அடியில் போதிய பலம் இல்லை என்று தோன்றியது. டெட்ராய்ட்காரரான டெரிக் மேயிடமிருந்து ஒரு ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷின் வாங்கினார். ரெக்கார்டுக்குக் கீழே தானே கிக் போட்டார். ஒரு ரெக்கார்டிலிருந்து அடுத்ததுக்குப் போகும் பாலத்தையும் அதிலேயே கட்டினார். ஹவுஸ் இசை என்று நீங்கள் இன்று டவுன்லோடு செய்கிற வகை முழுவதும் வளர்ந்தது இந்த மாதிரி இரவுகளில்தான். டிஜேக்கள் பாட்டின் மேல் தங்கள் அடியைச் சேர்த்தார்கள், கூட்டம் அந்த அடியைத் தனியாகவே கேட்க ஆரம்பித்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தப் பெட்டிகள் அன்று பெருமைக்குரிய பொருட்கள் இல்லை. அதே ரோலண்டின் டிஆர்-808 வந்தது 1980-ல், நின்றது 1983-ல், மொத்தம் சுமார் 12,000. உண்மையான டிரம்ஸ் மாதிரி ஒலிக்கவில்லை என்பது அதன் மேல் இருந்த பெரிய புகார். 909-ம் 1983-ல் வந்து கொஞ்ச காலத்திலேயே நின்றுபோனது. கடையில் போணியாகாமல் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததால்தான் சிகாகோ, டெட்ராய்ட் கறுப்பின இளைஞர்கள் கைக்கு அவை வந்தன. நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982-ல் மும்பையில் டிஆர்-808, டிபி-303, ஜூபிடர்-8 என்ற மூன்று மின்னணுக் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ பீட்டில் வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார். அப்போது யாரும் சீந்தவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் மண்ணில் இது நடக்காது என்று என்னிடம் சொல்லாதீர்கள். நாற்பது வருடத்துக்கு முன்பே நடந்திருக்கிறது.

இப்போது என் கையில் நடந்த தப்பைச் சொல்கிறேன். 2011-ல், கோவைப் பக்கம் ஒரு கல்யாணம். புதிதாக ஒரு டிரம் மெஷின் வாங்கியிருந்த உற்சாகம். எண்பதுகளின் ஒரு துள்ளல் பாட்டு ஓடும்போது அதன் டெம்போவைத் தட்டிப் பார்த்து, மெஷினில் அதே எண்ணை வைத்து, ஸ்டார்ட் அழுத்திவிட்டேன். முதல் இருபது விநாடி சொர்க்கம். கூட்டம் கத்தியது. நான் பெருமையாக நிமிர்ந்து நின்றேன். சரணத்துக்குள் போனதும் ஏதோ இடறியது. பாட்டின் கிக் ஒரு பக்கம், என் கிக் ஒரு பக்கம், படிக்கட்டில் இரண்டு பேர் தடுக்கி விழுகிற மாதிரி. ஆடிக்கொண்டிருந்தவர்களின் கால்கள் நின்றன. முகத்தில் கோபம் இல்லை, குழப்பம். எந்த அடியில் கால் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மெஷினை அணைத்தேன். மண்டபத்தின் ஓரத்தில் தவிலை உறையில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். தொடையில் தாளம் போட்டபடியே சொன்னார்: "தம்பி, பாட்டு ரெண்டாவது சரணத்துல ஓடுதுங்க. நீங்க அங்கயே நின்னுட்டீங்க."

அவர் சொன்னது முழுக்க சரி. பிரசாத், ஏவிஎம் ஸ்டுடியோக்களில் ஐம்பது பேர் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்துப் பதிவான எத்தனையோ பாட்டுகள் கிளிக் ட்ராக் கேட்டு வாசிக்கப்பட்டவை அல்ல. பல்லவியில் ஒரு வேகம், உற்சாகம் ஏறிய சரணத்தில் கொஞ்சம் கூடுதல் வேகம், அது அவர்கள் கையின் இயல்பு. நிமிடத்துக்கு அரை பீட் வித்தியாசம் என்பது திரையில் ஒன்றுமில்லாத எண். 120-க்கும் 120.5-க்கும் என்ன பெரிய தூரம்? ஒரே நிமிடத்தில் அந்த இரண்டும் சரியாக அரை அடி விலகிவிடும். உங்கள் கிக் போய் அவர்களுடைய கிக்குக்கும் கைத்தட்டுக்கும் நடுவே விழும். சிங்க் பட்டனை நம்பினால் இங்கே மோசம் போவீர்கள், ஏனென்றால் சாஃப்ட்வேர் போட்ட கட்டமே பழைய பாட்டுகளில் பல இடத்தில் தப்பாக இருக்கும். மிடி கிளாக் ஓர் அடிக்கு 24 துடிப்பு அனுப்பி வேகத்தைச் சொல்லும். பாட்டு எங்கே மூச்சு வாங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. அது உங்கள் காதுக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். இடது காதில் ஹெட்போன், வலது காது மண்டபத்துக்கு. மெஷினை மிக்சரில் தனிச் சேனலில் விட்டு, ஃபேடரை மூடி, ஹெட்போனில் மட்டும் கேட்கிறேன். முதலில் மூடிய ஹை-ஹாட் மட்டும். சமத்தில் ஸ்டார்ட் அழுத்துகிறேன். இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் டெம்போ குமிழை விட்டு அகலவே கூடாது. ஹாட் முந்தினால் ஒரு மயிரிழை குறைப்பு, பிந்தினால் ஒரு மயிரிழை ஏற்றம், பிறகு பழைய இடம். வலது கை ஃபேடரில். ஹாட் பாட்டோடு ஒட்டிவிட்டது என்று காது சொன்னதும் மெல்லத் திறக்கிறேன். அடுத்தது கைத்தட்டு. கடைசியாகத்தான் கிக். அதுவும் பாட்டுச் சேனலின் பாஸை முழுக்க இறக்கிய பிறகு. இரண்டு கிக் ஒரே மண்டபத்தில் மோதினால் ஸ்பீக்கரில் வருவது இசை அல்ல, வயிறு இரைகிற மாதிரி ஓர் உறுமல்தான். இதைப் படிக்கும்போது பெரிய வேலை மாதிரி தெரியும். ஒரு மாதம் தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்தால் கை தானே போகும். பைக் ஓட்டும்போது கிளட்சை யோசித்தா பிடிக்கிறீர்கள்?

நம் ஊர் ஆட்டத்துக்கு வருவோம். இங்கேதான் உங்களில் பெரும்பாலோர் மெஷினை வாங்கிப் பார்த்துவிட்டு மூட்டை கட்டி வைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெட்டியில் பதினாறு கட்டம் இருக்கிறது. நான்கு அடி, அடிக்கு நான்கு கட்டம், தகதிமி தகதிமி என்று சதுஸ்ரம். ஆனால் நம் குத்துப் பாட்டுகளில் எத்தனையோ சிக்ஸ் எய்ட், அதாவது தகிட தகிட என்று ஓடுகிற திஸ்ர நடை. பதினாறு கட்டத்தில் அதை அடைக்கப் பார்த்தால் ஏதோ வடநாட்டுக் கல்யாண பேண்டு வழிதவறி வந்த மாதிரி கேட்கும். சிலர் கடைசிக் கட்டத்தைப் பன்னிரண்டில் நிறுத்திவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆகாது. அப்படிச் செய்தால் கிடைப்பது மூன்று அடிச் சுற்று, ஒவ்வொரு அடியும் இன்னும் நான்காகத்தான் உடைந்திருக்கும். பன்னிரண்டில் நிறுத்துவதோடு, ஸ்கேல் என்று இருக்கும் இடத்தில் டிரிப்லெட்டுக்கு மாற்றவேண்டும். அப்போதுதான் நான்கு அடியும் நிற்கும், ஒவ்வொன்றும் தகிட என்று மூன்றாக உடையும். பழைய 909-லேயே இந்த வசதி உண்டு. இன்றைய டிஆர்-8எஸ்ஸிலும் உண்டு. ஜப்பான்காரர்கள் நமக்காகச் செய்யவில்லை, ஆனால் நாம் பயன்படுத்தாமல் கிடக்கிறது.

அதற்குள் எதைப் போடுவது? தயவுசெய்து லூப் மூட்டையைத் திறக்காதீர்கள். ஒரு பறைக்காரர் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் கையில் இருப்பது ஒரே மாதிரி இரண்டு குச்சி இல்லை. ஒன்று குட்டையாக, தடிப்பாக இருக்கும் அடிக்குச்சி. இன்னொன்று நீளமாக, மெல்லிசாக, வளைந்து கொடுக்கும் சுண்டுக்குச்சி. ஒன்று நிலத்தைச் சொல்கிறது, மற்றது அதன் மேல் சீறுகிறது. இரண்டும் சேர்ந்து விழும் அடி தனி, ஒன்று தோலில் அழுந்தி நிற்கும்போது மற்றது விழும் அடி தனி. நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றிய பிறகு அதே அடி வேறு குரலில் பேசும். இதைப் பார்த்துவிட்டு வந்து மெஷினில் உட்காருங்கள். அடிக்குச்சிக்குத் தாழ்ந்த டாம், சுண்டுக்குச்சிக்கு ரிம். எல்லா அடிக்கும் ஒரே அழுத்தம் வைக்காதீர்கள். அக்சென்ட் எங்கே விழுகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. அது பறையாகிவிடாது, ஆகவும் வேண்டாம். ஆனால் நீங்கள் எந்த ஊர் டிஜே என்று அந்தச் சுற்றைக் கேட்டால் தெரியும்.

இந்த இடத்தில் மனசில் கிடக்கிற ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். "பறைக் குழுவுக்குத் தனியாக எதற்குச் செலவு, நானே அந்த சவுண்டைப் போட்டுவிடுகிறேன்" என்று கல்யாண வீட்டாரிடம் நம்மில் சிலர் பேரம் பேசுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். காலங்காலமாக அவமானத்தைச் சுமந்து அந்தக் கலையைக் காப்பாற்றியவர்களின் ஒரு நாள் கூலியை, அவர்கள் அடியை வைத்தே பறிப்பது அது. லூப் மூட்டைகளில் யாருடைய கை அடித்தது என்று பெயர்கூட இருப்பதில்லை. உங்களுக்கு அந்த ஒலி வேண்டுமென்றால் ஒரு கலைஞரைத் தேடிப் போங்கள். பேசிய தொகையைக் கையில் கொடுத்து, இரண்டு மணி நேரம் தனித்தனி அடிகளாகப் பதிவு செய்யுங்கள். அதை வாசிக்கும் இரவில் மைக்கில் அவர் பெயரைச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே மேடைக்கு அழைத்து, நீங்கள் கிக்கை மட்டும் பிடித்துக்கொண்டு மீதி இடத்தை அவருக்கு விடுங்கள். நான் அப்படிச் செய்த இரவுகளில், என் மெஷினில் எவ்வளவு குறைவாகப் போடலாம் என்று கற்றுக்கொண்டேன்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "அண்ணா, கஸ்டமர் கேட்பது பாட்டு. போனைத் தூக்கிக் காட்டி அடுத்தது இதைப் போடு என்கிறார்கள். இதில் டிரம் மெஷினுக்கு எங்கே இடம்?" நியாயமான கேள்வி. 120 டெம்போவில், சுற்றுக்கு நான்கு அடியாக, எட்டுச் சுற்று எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாறு விநாடி. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஏறும் இடைவெளியில் நீங்கள் போடுகிற ஹார்ன் சத்தத்துக்கும் "மேக் சம் நாய்ஸ்" கூச்சலுக்கும் அதைவிட அதிக நேரம் போகிறது. யாரும் பாட்டை இழக்க மாட்டார்கள்.

அடுத்தது காசு. புது மெஷின் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்கள் கன்ட்ரோலரில் ஏற்கெனவே டெக்குக்கு எட்டு ரப்பர் பேட் இருக்கிறது. இவ்வளவு நாள் ஹாட் கியூவுக்கு மட்டும் பயன்பட்டது. சாம்ப்ளரில் ஒரு கிக், ஒரு கைத்தட்டு, ஒரு ஹாட், ஓர் உறுமி இழுப்பு, நான்கு ஒலியை ஏற்றுங்கள். குவான்டைஸை அணையுங்கள். விரலால் அடியுங்கள். கட்டம் கட்டமாக நிரப்புவதற்கு முன்னால் விரலால் அடித்துப் பழகுவது இன்னும் நல்லது என்பேன், ஏனென்றால் எங்கே தாமதிக்கிறோம் என்று அப்போதுதான் தெரியும். பிறகு ஒரு சின்னப் பெட்டி, செகண்ட் ஹேண்டில்.

தப்பாகிவிடுமே என்ற பயம்தான் உண்மையான தடை, மற்றதெல்லாம் சாக்கு. ஆமாம், தப்பாகும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள், கீழே பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் அடி நழுவினால் ஃபேடரை மூடுங்கள், பாஸை ஏற்றுங்கள், இரண்டு விநாடியில் யாருக்கும் நினைவிருக்காது. கோவையில் நான் செய்த தப்பு, மூடத் தெரியாமல் அரை நிமிடம் பிடிவாதம் பிடித்தது. டிஜே ஜெஃப் மில்ஸ் 2015-ல் வெளியிட்ட எக்ஸிபிஷனிஸ்ட் 2 வீடியோ தொகுப்பில் 909-ஐ மட்டும் வைத்து வாசிக்கிற பகுதியைத் தேடிப் பாருங்கள். அவர் விரல்களைக் கவனியுங்கள். ஒரு பட்டன் அணைகிறது, இன்னொன்று எரிகிறது, இடம் பிறக்கிறது, இடம் நிறைகிறது. அவர் முகத்தைப் பாருங்கள். கேட்டுக்கொண்டிருக்கிறார். நம்மில் எத்தனை பேர் மேடையில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்?

நான் கேட்பது சின்ன விஷயம். வருகிற தை மாத முகூர்த்தங்களிலிருந்து, நீங்கள் வாசிக்கிற ஒவ்வொரு இரவிலும், ஏதாவது ஒரு பாட்டின் நடுவில், எட்டே எட்டுச் சுற்று, நீங்களே அடியுங்கள். பதினாறு விநாடி. முன்கூட்டிச் செய்துவைத்த பேட்டர்ன் வேண்டாம், காலியான கட்டத்திலிருந்து தொடங்குங்கள். பங்குனி முகூர்த்தம் வருவதற்குள் அது இரண்டு நிமிடமாகட்டும். அடுத்த ஆவணியில் பத்து நிமிடம். உங்கள் ஊரில் நான்கு டிஜேக்கள் இருந்தால், நிகழ்ச்சி இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுங்கள். ஒருவர் பழைய பாட்டை ஓட்டட்டும், இன்னொருவர் அதோடு ஒட்டி வாசிக்கட்டும், மற்ற இருவரும் கால் எங்கே இடறுகிறது என்று சொல்லட்டும். முடிந்தால் ஒரு தவில்காரரையோ பறைக்காரரையோ மரியாதையோடு அழைத்து, பேசிய சம்பளம் கொடுத்து, நடுவில் உட்காரவைத்து, அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதல் நாள் கை நடுங்கும், எனக்கும் நடுங்கியது. ஹாட்டில் தொடங்குங்கள். ஆடுகிறவர்களில் யாராவது ஒருவரின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். அந்தக் கால் உங்கள் ஹாட்டோடு சேர்ந்து விழும்வரை கிக்கைத் தொடாதீர்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அந்த மேடையில் நின்ற ஒருவன்